யார் இந்த ‘சாண்டோ’? மேடையில் ஜெயித்து, தீர்ப்பில் தோற்று, கடைசியில் நடுவர் ஆன பலசாலியின் கதை

தமிழ் சினிமா ரசிகர்களுக்கு ‘சாண்டோ’ என்றதும் சின்னப்பா தேவர்தான் ஞாபகத்துக்கு வருவார். யானை, பாம்பு, ஆடு என்று விலங்குகளை வைத்தே ஹிட் கொடுத்த தேவர் பிலிம்ஸ் முதலாளி. கோவை தேகப்பயிற்சி சாலையில் ஏற்றிய கட்டுமஸ்தான உடம்பு. அதனால் பெயருக்கு முன்னால் ‘சாண்டோ’ ஒட்டிக்கொண்டது.

ஆனால் அது தமிழ் வார்த்தையும் இல்லை, யாரோ கொடுத்த பட்டமும் இல்லை. ஒரு ஆளின் பெயர். வங்காளத்தில் கையில்லாத பனியனை ‘சாண்டோ கெஞ்சி’ என்கிறார்கள். அதுவும் இதே ஆளின் பெயரில் இருந்து வந்தது என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஆள் யூஜின் சாண்டோ. 1925-ல் இறந்தவர். ஆணழகன் போட்டிகளின் தந்தை என்று உலகமே கொண்டாடுகிறது. ஆனால் அவர் வாழ்க்கைக்குள் அதிகம் பேசப்படாத இன்னொரு கதை இருக்கிறது. ஒருத்தர் வெயிட்டைத் தூக்கிவிட்டார் என்று யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது என்கிற கதை. இன்றைக்கு வலுதூக்கும் போட்டிக்குப் போகிற எல்லோருக்கும் அது தெரிந்த தலைவலிதான்.

மூன்று விளக்கு எதற்கு?

மூலக்கொத்தளம், பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், அப்படியே வடக்கே திருவொற்றியூர், எண்ணூர். ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் ரயில்வே யார்டு, நடுவில் குடோன்கள். மூட்டை தூக்கியே தலைமுறைகள் சோறு சாப்பிட்ட ஏரியா. பாக்சிங், கேரம், புட்பால் போலவே ஜிம்மும் இங்கே வாழ்க்கையின் ஒரு பகுதி. காலையில் வேலை, மாலையில் இரும்பு.

இந்த ஜிம்களில் இருந்து முதல் முறையாகப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். ஜிம்மில் 200 கிலோ ஸ்குவாட் போட்டு நண்பர்களிடம் கைதட்டு வாங்கியவருக்கு, மேடையில் 170 கிலோவுக்கே சிவப்பு விளக்கு எரியும். வெயிட் மேலே வந்துவிட்டது. ஆனால் தீர்ப்பில் அது செல்லாது.

ஏன்? வலுதூக்குதலில் 3 நடுவர்கள். ஒருவர் நடுவில், இரண்டு பேர் இரு பக்கமும். ஒவ்வொருவர் கையிலும் வெள்ளை, சிவப்பு என இரண்டு பட்டன். இரண்டு வெள்ளையாவது விழுந்தால்தான் கணக்கு. ஸ்குவாட்டில் உட்காரும்போது, இடுப்பு மடிப்பில் தொடையின் மேல்பகுதி முழங்காலின் உச்சியை விடக் கீழே இறங்க வேண்டும். இன்னும் ஒரு இன்ச் உட்கார்ந்திருக்கலாமே என்று வெளியே நிற்கும் கோச் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.

பெஞ்ச் பிரஸ்ஸில் கம்பி மார்பில் வந்து அசையாமல் நிற்க வேண்டும். நடுவர் கட்டளை கொடுத்த பிறகுதான் தள்ள வேண்டும். பின்பக்கம் பெஞ்சை விட்டு எழும்பக்கூடாது. டெட்லிஃப்ட்டில் முழங்கால் நேராகி, தோள் பின்னால் போய், நிமிர்ந்து நிற்க வேண்டும். இடையில் கம்பியைத் தொடையில் முட்டுக்கொடுத்தால் போச்சு. நடுவர் இறக்கச் சொல்லும் முன் இறக்கினாலும் போச்சு. ஒவ்வொரு வகைக்கும் 3 வாய்ப்பு. மூன்றிலும் சிறந்ததைக் கூட்டி டோட்டல். இருவர் டோட்டலும் ஒன்றாக இருந்தால், உடல் எடை குறைந்தவருக்கு மேல் இடம்.

இவ்வளவு கறாராக எழுதி வைத்திருப்பது சும்மா இல்லை. சாண்டோ காலத்தில் இதில் ஒன்றுகூட கிடையாது. அதனால் நடந்த கூத்துகளைப் பார்த்தால் இந்த விளக்குகளின் அருமை புரியும்.

சர்க்கஸில் இருந்து வந்த பையன்

1867 ஏப்ரல் 2. அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரம். இன்று அது ரஷ்யாவிடம் இருக்கும் கலினின்கிராட். அங்கே பிறந்தவரின் சொந்தப் பெயர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். 18 வயதில், கட்டாய ராணுவ சேவையில் இருந்து தப்பிக்க ஊரை விட்டுக் கிளம்பினார். சர்க்கஸில் சேர்ந்தார். ஊர் ஊராகச் சுற்றினார். யூஜின் சாண்டோ என்று பெயரை மாற்றிக்கொண்டார்.

பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். லுட்விக் டுர்லாக்கர் என்பது நிஜப் பெயர், மேடைப் பெயர் புரொஃபசர் அட்டிலா. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பயிற்சி எடுப்பது, மேடையில் எப்படி நிற்பது, கூட்டத்தை எப்படிக் கையில் வைத்துக்கொள்வது, எல்லாம் அட்டிலாவின் பாடம். இந்தக் கடைசிப் பாடத்தை சாண்டோ நன்றாகவே படித்தார் என்பது பின்னால் தெரியும்.

1889: லண்டனில் மாஸ் என்ட்ரி

அந்தக் காலத்தில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ‘ராயல் அக்வேரியம்’ என்று ஒரு பெரிய கேளிக்கை அரங்கம். பெயர்தான் மீன் காட்சியகம், உள்ளே நடந்ததெல்லாம் வித்தை. அங்கே சார்லஸ் சாம்சன் என்ற பலசாலி தினமும் மேடை ஏறினார். கூடவே அவரது சிஷ்யர், ‘சைக்ளாப்ஸ்’. இருவரும் ஊருக்கே சவால் விட்டார்கள். சைக்ளாப்ஸ் செய்வதைச் செய்தால் 100 பவுண்டு. சாம்சனை மிஞ்சினால் 500 பவுண்டு. அன்றைக்கு அது வீடு வாங்கும் காசு.

சவால் விட்டவரே மேடைக்குச் சொந்தக்காரர். பொருட்களும் அவருடையவை. என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவரேதான் முடிவு செய்வார். ஜெயித்தவர் யார் என்று சொல்லவும் ஆள் கிடையாது, கூட்டத்தின் கூச்சல்தான் தீர்ப்பு. இப்படி ஒரு பந்தயத்தில் வெளியாள் ஜெயிக்க முடியுமா?

அக்டோபர் கடைசியில் சாண்டோ அந்த அரங்கத்துக்குப் போனார். கோட்டு சூட்டு, கண்ணில் ஒற்றைக் கண்ணாடி. பார்த்தவர்கள் சிரித்தார்கள். உயரமும் பெரிதாக இல்லை. மேல் உடையைக் கழற்றியதும் சிரிப்பு நின்றது. சைக்ளாப்ஸ் தூக்கிய டம்பெல்கள் அனைத்தையும் தூக்கிக் காட்டி 100 பவுண்டை வாங்கினார். சாம்சனுடன் மோதலுக்கு நாள் குறித்தார்கள். நவம்பர் 2, சனிக்கிழமை.

இந்த முறை நடுவர்கள் வேண்டும் என்று முடிவானது. வந்து உட்கார்ந்தவர்கள் குவீன்ஸ்பெரி பிரபுவும் கிளிஃபோர்டு பிரபுவும். குவீன்ஸ்பெரி என்ற பெயர் வடசென்னைக்குப் புதிதில்லை. கையில் கிளவுஸ், மூன்று நிமிட ரவுண்டு, விழுந்தால் 10 எண்ணுவது என்று இன்றைய பாக்சிங்குக்கு அடித்தளம் போட்ட விதிகள் அவர் பெயரில்தான் வெளியாயின. அவை வெளியான ஆண்டு 1867, சாண்டோ பிறந்த அதே வருஷம். ‘சார்பட்டா பரம்பரை’ பார்த்து ரவுண்டு எண்ணியவர்கள் எல்லோரும் அந்த விதிப்படிதான் எண்ணினார்கள்.

போட்டிக்கு வருவோம். சாம்சனின் ஸ்பெஷல் அயிட்டம், கையில் புஜத்தைச் சுற்றிச் சங்கிலி கட்டி, புஜத்தை முறுக்கி அதை உடைப்பது. பார்க்க பயங்கரமாக இருக்கும். ஆனால் அந்தச் சங்கிலி அவர் கை அளவுக்கே செய்தது. சாண்டோவின் கைக்கு அது சேராது, சேராவிட்டால் போட்டியே இல்லை. இதுதான் சாம்சனின் கணக்கு.

ஆனால் அட்டிலாவும் சாண்டோவும் உஷார். சாம்சனுக்குச் சங்கிலி செய்து கொடுக்கிறவரையே கண்டுபிடித்து, சாண்டோவின் கை அளவுக்கு அதே தரத்தில் சங்கிலி வாங்கி வைத்திருந்தார்கள். மேடையில் எடுத்து நீட்டினார்கள். சாம்சன் ஆட்சேபித்தார். செய்தவரே சபையில் இருந்து, இரண்டும் ஒன்றுதான் என்று உறுதி சொன்னார். சங்கிலி உடைந்தது. சாம்சனின் மற்ற வித்தைகளையும் செய்து காட்டியதும் சாண்டோ ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஒரே ராத்திரியில் லண்டன் முழுக்க அவர் பேச்சு. சொன்ன 500 பவுண்டு முழுசாகக் கைக்கு வரவில்லை என்பது தனிக் கதை.

கவனிக்க வேண்டியது ஒன்று. அன்று சாண்டோவைக் காப்பாற்றியது அவரது பலம் மட்டும் இல்லை. உபகரணம் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிற வாதமும், அதைக் கேட்க நடுவர்கள் இருந்ததும்தான். இன்று போட்டிக்கு முன்னால் பெல்ட், முழங்கால் பட்டை, உடை என எல்லாவற்றையும் பரிசோதிப்பது இதே காரணத்துக்குத்தான்.

அதே நடுவர், வேறு தீர்ப்பு

ஒரு வருஷம் கழித்து, 1890 டிசம்பரில், அதே லண்டனில் இன்னொரு சவால். எதிரில் ‘ஹெர்குலிஸ்’ மெக்கான். இங்கிலாந்துக்காரர். இந்த முறையும் குவீன்ஸ்பெரி நடுவர்.

தீர்ப்பு மெக்கானுக்குப் போனது. சாண்டோவின் ஆட்கள் கொதித்தார்கள். கூட்டத்தில் பாதிக்கு நம்பவே முடியவில்லை. சிக்கல் என்னவென்றால் இருவரும் தூக்கிய முறைகள் வேறு வேறு. எந்த முறைக்கு எவ்வளவு மதிப்பு என்று முன்கூட்டியே யாரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை. ஒற்றைக் கையா, இரட்டைக் கையா? தோளில் இருந்தா, தரையில் இருந்தா? எடையை வைத்துப் பார்ப்பதா, செய்த விதத்தையா? நடுவர் நல்லவராக இருந்தாலும் விதி இல்லாவிட்டால் தீர்ப்பு அவரவர் கண்ணுக்குத் தோன்றியதுதான்.

சாண்டோவின் பெயர் இதில் பெரிதாகக் கெடவில்லை. 1893-ல் அமெரிக்கா போனார். ஃபுளோரென்ஸ் ஜீக்ஃபெல்ட் என்ற இளம் தயாரிப்பாளர் அவரை சிகாகோவில் மேடை ஏற்றி ஸ்டார் ஆக்கினார். 1894 மார்ச்சில் எடிசனின் ஸ்டூடியோவில், சினிமா கேமராவின் முன்னால் நின்ற முதல் சில மனிதர்களில் ஒருவராகப் புஜத்தை முறுக்கிக் காட்டினார். அதே வருஷம் சான்பிரான்சிஸ்கோவில் சிங்கத்துடன் மல்லுக்கட்டு. சிங்கத்துக்கு வாய்க்கூடு மாட்டி, நகத்துக்கு உறை போட்டு விட்டார்கள். பாவம், சிங்கம் சும்மா நின்றது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. ஷோ மனிதர்களுக்கு இதெல்லாம் சகஜம். அமெரிக்கக் கதையில் இதற்கு மேல் நமக்கு வேலை இல்லை.

கால் நகர்ந்ததால் போன முதல் இடம்

1896, ஏதென்ஸ். முதல் நவீன ஒலிம்பிக்ஸ். பளுதூக்குதலில் இரண்டே பிரிவு. ஒன்று இரண்டு கையால், இன்னொன்று ஒரு கையால். எடைப் பிரிவு எதுவும் கிடையாது. ஒல்லியோ குண்டோ, எல்லோரும் ஒரே மேடையில்.

அதில் பிரிட்டனுக்காக இறங்கியவர் லான்செஸ்டன் எலியட். பிறந்தது நம்ம இந்தியாவில். இன்றைய கர்நாடகாவில், பாகல்கோட் பக்கத்தில் உள்ள கலாதகி. அப்போது அது பம்பாய் மாகாணம். லண்டனில் அவர் பயிற்சி எடுத்தது சாண்டோவிடம்.

இரண்டு கைப் பிரிவில் எலியட்டும் டென்மார்க்கின் விகோ ஜென்சனும் தூக்கியது ஒரே எடை, 111.5 கிலோ. டை! இப்போது என்ன செய்வது? நடுவராக இருந்தவர் கிரேக்க இளவரசர் ஜார்ஜ். ஜென்சன் தூக்கிய விதம் சுத்தமாக இருந்தது, எலியட்டின் கால் ஒன்று நகர்ந்துவிட்டது என்று சொல்லி ஜென்சனுக்கு முதல் இடம் கொடுத்தார். பிரிட்டிஷ் தரப்பு ஆட்சேபித்தது. இருவருக்கும் மறுபடி வாய்ப்பு கொடுத்தார்கள். யாராலும் அதற்கு மேல் போக முடியவில்லை. தீர்ப்பு அப்படியே நின்றது.

அடுத்து ஒற்றைக் கைப் பிரிவு. எலியட் 71 கிலோ தூக்கினார். ஜென்சனால் 57 கிலோவைத் தாண்ட முடியவில்லை. எலியட் ஒலிம்பிக் சாம்பியன். பிரிட்டனின் முதல் ஒலிம்பிக் சாம்பியனும் அவர்தான்.

கால் நகர்ந்தால் தப்பு என்பதை இளவரசர் அந்த நேரத்தில் டை உடைக்கப் பயன்படுத்தினார். இன்று அது எழுதப்பட்ட விதி. ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்ட்டிலும் தூக்கும்போது கால் ஒரு அடி முன்னே பின்னே போனால் சிவப்பு விளக்குதான். வித்தியாசம், இன்று இது இருவருக்கும் மேடை ஏறும் முன்பே தெரியும்.

தள்ளுவதா, அடியில் புகுவதா?

சாண்டோவின் பெயரை நிறுத்திய டெக்னிக் ‘பென்ட் பிரஸ்’. இன்று ஒலிம்பிக்ஸிலோ பவர்லிஃப்டிங்கிலோ அது இல்லை. யூடியூபில் சிலர் முயன்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

எப்படிச் செய்வது? வெயிட்டை ஒரு கையில், தோள் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு உடம்பை எதிர்ப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். வெயிட் அதே உயரத்தில்தான் நிற்கும், உடம்புதான் அதன் அடியில் கீழே இறங்கும். சாய சாய கை தானாக நேராகும். கை முழுசாக நேரானதும், வெயிட்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி எழுந்து நிமிர வேண்டும். அதாவது வெயிட்டை யாரும் மேலே தள்ளவில்லை. ஆள் கீழே போய் எழுந்து வருகிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு இது சட்டெனப் புரியும். மூட்டையைக் கையால் இழுத்துத் தலைக்கு ஏற்ற மாட்டார்கள். குனிந்து, முதுகை மூட்டைக்கு அடியில் கொடுத்து எழுவார்கள். பலத்தில் பாதி அந்தப் புகும் கலையில்தான்.

இந்தக் கலையில் சாண்டோவை மிஞ்ச ஒருவர் வந்தார். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்காரர் ஆர்தர் சாக்சன். 1898-ல் அவருக்கு 20 வயதுகூட முழுசாக ஆகவில்லை. மூவராக மேடை ஏறினார்கள். பிப்ரவரியில் ஷெஃபீல்டு நகரில் சாண்டோவையே மேடைக்கு இழுத்துச் சவால் விட்டார்கள். சாக்சன் ஒற்றைக் கையால் தூக்கிய எடை சுமார் 120 கிலோ. சாண்டோ பல முறை முயன்றார். அதைத் தலைக்கு மேலே கொண்டுபோனார் என்பது ஒரு தரப்பு. கை நேராகவும் இல்லை, நிமிர்ந்து நிற்கவும் இல்லை என்பது இன்னொரு தரப்பு.

சாண்டோவைத் தோற்கடித்தவர்கள் என்று சாக்சன் தரப்பு விளம்பரம் போட்டது. சாண்டோ கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டு சாண்டோ பக்கம் தீர்ப்பு சொன்னது. ஜிம்மில் முடிய வேண்டிய பஞ்சாயத்து, நீதிபதி முன்னால் போய் நின்றது. கை எங்கே நேராகிறது, ‘தூக்கி முடித்தது’ என்றால் எந்த நொடி என்று அன்றைக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் வக்கீல் தேவைப்பட்டார். சும்மா சொல்லக்கூடாது, சாக்சன் பின்னாளில் இதே முறையில் 168 கிலோ தூக்கினார். அந்தப் பக்கம் யாரும் நெருங்கவே முடியாத எடை அது. கோர்ட்டு தீர்ப்பு எதுவாக இருந்தாலும் பென்ட் பிரஸ்ஸில் யார் பெரிய ஆள் என்பதில் சந்தேகமே இல்லை.

நம்ம தென் மாவட்டத்து இளவட்டக்கல்லை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உருண்டையான கல், பிடிக்கப் பிடி கிடையாது. முழங்காலுக்கு ஏற்றி, மார்பில் அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய், பின்னால் போட வேண்டும். கல் முதுகுக்குப் பின்னால் தரையில் விழுந்தால் தூக்கியாச்சு, இல்லாவிட்டால் இல்லை. ஊரே பார்க்கும், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. லண்டன் பிரபுக்களுக்குக் கிடைக்காத தெளிவு கிராமத்துக் கல்லுக்கு இருந்தது.

பிரஸ் போனதும் பவர்லிஃப்டிங் வந்ததும்

இதே பிரச்னை 70 வருஷம் கழித்து ஒலிம்பிக்ஸையே ஆட்டியது. அப்போது பளுதூக்குதலில் மூன்று வகை: பிரஸ், ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க். பிரஸ் என்றால் தோளில் இருக்கும் வெயிட்டை, நேராக நின்றபடி கை பலத்தால் மேலே தள்ளுவது. ஆனால் வீரர்கள் முதுகைப் பின்னால் வளைத்து, கிட்டத்தட்ட நின்றுகொண்டே பெஞ்ச் பிரஸ் போட ஆரம்பித்தார்கள். எவ்வளவு வளைந்தால் தப்பு? ஒரு நடுவர் வெள்ளை போடுவார், பக்கத்தில் இருப்பவர் சிவப்பு. நாட்டுக்கு நாடு சண்டை.

1972 மியூனிக் ஒலிம்பிக்ஸோடு பிரஸ்ஸையே தூக்கிவிட்டார்கள். அதே 1972-ல்தான் சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனம் உருவானது. ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றும் உலக அளவில் தனிப் போட்டியாக நிலைத்தன. இதில் பெஞ்ச் பிரஸ் ஒரு புத்திசாலித்தனமான தேர்வு. முதுகுக்குப் பின்னால் பெஞ்ச் இருப்பதால், நின்று தள்ளும்போது சாய்ந்தது போல இங்கே சாய முடியாது. அப்படியும் மனுஷன் சும்மா இருப்பானா? படுத்துக்கொண்டே முதுகை வில்லாக வளைத்துத் தூக்கும் தூரத்தைக் குறைத்தார்கள். அதற்கும் புதுசு புதுசாக விதி வந்துகொண்டே இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால்கூட, கம்பி மார்புக்கு வரும்போது முழங்கை எவ்வளவு இறங்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள்.

1901: நடுவர் நாற்காலியில் சாண்டோ

மறுபடி சாண்டோவுக்கு வருவோம். 1897-ல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் பயிற்சிக்கூடம் திறந்தார். அடுத்த வருஷம் பத்திரிகை. அதில் ஒரு போட்டியை அறிவித்தார். பிரிட்டன் முழுக்க மாவட்டம் மாவட்டமாகத் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு லண்டனில் இறுதிச் சுற்று. இது நடந்து முடிய 3 வருஷம் பிடித்தது.

1901 செப்டம்பர் 14. ராயல் ஆல்பர்ட் ஹாலில் சுமார் 15,000 பேர். மேடையில் 60 போட்டியாளர்கள், கறுப்பு இறுக்க உடை, சிறுத்தைத் தோல். உலகின் முதல் பெரிய ஆணழகன் போட்டி என்று இதைத்தான் சொல்கிறார்கள். நடுவர்கள் மூன்று பேர். சிற்பியும் விளையாட்டு வீரருமான சர் சார்லஸ் லாஸ். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயில். மூன்றாவது, சாண்டோ.

மூன்று பேர், கவனியுங்கள். இருவர் என்றால் டை ஆகும். ஒருவர் என்றால் சந்தேகம் வரும்.

அதைவிட முக்கியம், எதற்கு மார்க் என்பதை முன்பே அறிவித்துவிட்டார்கள். உடலின் மொத்த வளர்ச்சி, எல்லாப் பாகமும் சமமாக வளர்ந்திருக்கிறதா, தசையின் உறுதி, பொதுவான ஆரோக்கியம், தோலின் நிலை. யார் புஜம் பெரிசு என்பது மட்டும் கேள்வியே இல்லை. ஒரு பக்கம் மட்டும் பெருத்துப்போன பலசாலிக்கு இங்கே இடமில்லை. ஜெயித்தவர் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே. முதல் மூவருக்கும் தங்க, வெள்ளி, வெண்கல நிறத்தில் சாண்டோவின் உருவச்சிலை பரிசு. ஒலிம்பிக்கில் முதல் மூன்று இடத்துக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வழக்கமே 1904-ல்தான் வந்தது.

சாம்சன் மேடையில் எதிராளியின் சங்கிலியோடு மல்லுக்கட்டியவர், மெக்கானிடம் தீர்ப்பில் தோற்றவர், சாக்சனிடம் கோர்ட்டு வரை போனவர், இப்போது தானே போட்டி நடத்தும்போது விதியை முதலில் எழுதினார். வியாபாரக் கணக்கும் அதில் இருந்தது, மறுப்பதற்கில்லை. போட்டியாளர்கள் எல்லோரும் அவர் முறையில் பயிற்சி எடுத்தவர்கள், பரிசும் அவர் சிலையே. ஆனால் விதி எழுதியது எழுதியதுதான்.

இந்தியாவில் சாண்டோ அலை

1904 கடைசியிலும் 1905-லும் சாண்டோ இந்தியாவுக்கு வந்தார். பிரிட்டிஷ் ராஜ்ஜியத்தில் இந்தியர்கள் பலவீனமானவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் கிண்டல் செய்த காலம். அகாடாக்களில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று இளைஞர்கள் உடம்பை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சாண்டோவையும் போய்ப் பார்த்தார்கள், அவர் டம்பெல் முறையையும் எடுத்துக்கொண்டார்கள். தபாலில் ஸ்பிரிங் டம்பெல்லும் பயிற்சிப் படமும் வந்தன. பலசாலி என்றாலே சாண்டோ என்று ஆனது.

அதே காலத்தில் கொடி ராமமூர்த்தி நாயுடு புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தார். ஆந்திராவின் வீரகட்டம் ஊர்க்காரர். சென்னை சைதாப்பேட்டையில் உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சி எடுத்தவர். மார்பில் யானையை ஏற்றுவார், சங்கிலியை அறுப்பார், ஓடும் காரை இழுத்து நிறுத்துவார். அவரை இந்திய ஹெர்குலிஸ் என்றார்கள். அடுத்த தலைமுறையில் கோவை வரை ‘சாண்டோ’ என்ற பட்டம் போய்ச் சேர்ந்தது.

மார்பில் யானை, வயிற்றில் பலகை வைத்து அதன் மேல் குதிரை எல்லாம் சாண்டோவும் செய்தவைதான். ஆனால் இந்த வித்தைகளை எந்தப் போட்டியும் எடுத்துக்கொள்ளவில்லை. யானை எந்த இடத்தில் கால் வைக்கிறது, எத்தனை நொடி, பலகை எப்படி எடையைப் பிரித்துவிடுகிறது? அளக்க முடியாததை எப்படி ஒப்பிடுவது? தரையில் கிடக்கும் கம்பியும், கிலோ எழுதிய தட்டுகளும்தான் கடைசியில் நின்றன. மூலக்கொத்தளத்தில் இருந்து மாநிலப் போட்டிக்குக் கிளம்பும் பையனின் பையில் இருப்பது பெல்ட், ஷூ, சுண்ணாம்புத்தூள். யானை தேவையில்லை.

பெயரில்லாத கல்லறை

1906-ல் சாண்டோ பிரிட்டிஷ் குடிமகன் ஆனார். 1911-ல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரைத் தன் உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார். முதல் உலகப்போர் வந்ததும் நிலைமை மாறியது. ஜெர்மன் பெயரோடு தொடர்புள்ள எல்லோரும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். கோகோ பவுடர் வியாபாரம் 1916-ல் நொடித்தது.

1925 அக்டோபர் 14. லண்டனில், 58 வயதில் இறந்தார். பள்ளத்தில் விழுந்த காரைத் தனியாகத் தூக்கியதால் வந்த பாதிப்பு என்று ஒரு கதை ஊரெல்லாம் பரவியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெருந்தமனி வீங்கி வெடித்ததே காரணம் என்பதுதான் பதிவான தகவல்.

மனைவி பிளான்ச், கல்லறையில் பெயர்ப்பலகை வைக்க விடவில்லை. கணவன் மனைவிக்குள் என்ன கசப்பு என்பது அவர்களோடு போயிற்று. புட்னி வேல் இடுகாட்டில் பல பத்தாண்டுகள் அது வெறும் தரை. இதற்கிடையே அவர் சிலை மட்டும் உலகம் சுற்றியது. 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா ஜெயிக்கிறவர் கையில் கொடுக்கப்படுவது சாண்டோவின் வெண்கல உருவம்தான். 1980-ல் அர்னால்டு வாங்கியதும் அதைத்தான். ஜெயித்தவர்கள் அதை ‘ஒரு சாண்டோ’ என்றே எண்ணுகிறார்கள்.

2002-ல்தான் ஒரு ரசிகரின் முயற்சியில் அந்த இடத்தில் முதல் கல் வைத்தார்கள். 2008-ல் அவர் வம்சத்தில் வந்த ஒருவர் அதை எடுத்துவிட்டு, செதுக்காத பெரிய பாறை ஒன்றை நிறுத்தினார். அதில் பெரிய எழுத்தில் ஒரே வார்த்தை, சாண்டோ.